பெரிய வீடு குடும்பக் குழு: ராணுவ ஊன ஓய்வூதியம் கேட்டுப் பெரியப்பா போட்ட அப்பீல்

பெரியம்மா: 📷 படம்

பெரியம்மா: இன்று பதிவுத் தபாலில் வந்தது. பெரியப்பா படித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனவர்தான், சாப்பிடக்கூட இறங்கவில்லை. யாராவது படித்துச் சொல்லுங்கள்

சூலூர் அத்தை: தலைகீழாக இருக்கிறது அண்ணி

சின்னவன்: அப்பீல் தள்ளுபடி பெரியம்மா 😔

மதுரை சித்தப்பா: பதறாதீர்கள், இது முதல் அப்பீல்தான். அண்ணன் 2021இல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபோது, வெளியே அனுப்புமுன் உடம்பைப் பார்க்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு பிரஷருக்கு 30 சதவீத ஊனம், ஆயுளுக்கும் என்று போட்டது. கூடவே பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. இப்போதும் அதே பாட்டு, நோய் எல்லையில் இல்லை, பீஸ் ஸ்டேஷனில், அதாவது அமைதியான ஊரில் பணி செய்தபோது தொடங்கியதாம்

பெரியம்மா: அப்போ லடாக் பனியில் இரண்டரை வருஷம் நின்றது?

கோவை மாமா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: படித்துவிட்டேன் தம்பி. பிரஷர் என்னால் வரவில்லை

சின்னவன்: 😂😂

மதுரை சித்தப்பா: விளையாட வேண்டாம். சேரும்போது மெடிக்கல் தாளில் குறை எதுவும் பதிவாகாதவருக்குப் பிறகு நோய் வந்தால் அது பணியால் வந்ததாகத்தான் கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுவது அவர்கள் பாடு. 2013 தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அப்புறம் 2014 ராம் அவதார் தீர்ப்புப்படி, முழு சர்வீஸ் முடித்து வந்தவருக்கும் 30 என்பதை 50 ஆக உயர்த்திக் கணக்குப் போட வேண்டும்

சின்னவன்: சித்தப்பா சுருக்கமாக

சூலூர் அத்தை: எவ்வளவு வரும்?

மதுரை சித்தப்பா: 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். நமக்கு அதில் பாதி. சம்பளம் 40,000 என்று வைத்தால் மாதம் 6,000

கோவை மாமா: கேட்டது யார் பாருங்கள்

சூலூர் அத்தை: சும்மா கேட்டேன்

மதுரை சித்தப்பா: இரண்டாவது அப்பீலுக்கு ஆறு மாதம்தான். கடிதத்தில் தேதி எங்கே?

சின்னவன்: பெரியம்மாவின் கட்டைவிரலுக்கு அடியில்

மதுரை சித்தப்பா: மெடிக்கல் போர்டு நகலும் சேர்ந்தபோது எடுத்த மெடிக்கல் தாளும் வேண்டும் அண்ணி

பெரியம்மா: எல்லாம் கறுப்பு டிரங்குப் பெட்டியில். பெட்டி எங்கே என்று உங்கள் தங்கையைக் கேளுங்கள்

சூலூர் அத்தை: பாகம் பிரித்தபோது அம்மா கொடுத்தது, நானாக எடுக்கவில்லை. மேலே இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறது, நகர்த்த ஆள் வேண்டும்

சின்னவன்: ஞாயிறு நான் வருகிறேன் அத்தை

கோவை மாமா: ஞாயிறு வளைகாப்பு

சின்னவன்: ஐயோ ஆமாம். யார் கார்?

கோவை மாமா: வேன் சொல்லலாம் என்றேன், யாரும் பதில் போடவில்லை

மதுரை சித்தப்பா: வேன் இருக்கட்டும். இரண்டாவது அப்பீலா, நேரே சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயமா? தாமதமாகப் போனால் பழைய பாக்கியைக் குறைத்துவிடலாம். எனக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார்

பெரியம்மா: நிலத் தகராறுக்குப் பிடித்துத் தந்தீர்களே, அவரா?

மதுரை சித்தப்பா: வேறு ஆள்

பெரியப்பா: பெட்டிச் சாவி என்னிடம் இருக்கிறது

சூலூர் அத்தை: பூட்டை அப்போதே உடைத்துவிட்டோம் அண்ணா

பெரியம்மா: முதலில் கீழே வந்து சாப்பிடுங்கள்