ஓடுகிறவர்களுக்குப் பாரப் பயிற்சி எதற்கு?

வெள்ளவத்தை ஓட்டக்காரன்:
நேற்று மாலை மரைன் டிரைவில் ஒரு தம்பி என்னை மறித்துக் கேட்டார்: "ஓடுகிற நீங்கள் ஏன் அண்ணா 60 கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு குந்தியிருந்து எழும்புகிறீர்கள்?" அவருக்கான பதிலை இங்கே எழுதுகிறேன். எனக்கு 43 வயது. ஐந்து வருடம் ஓட்டம் மட்டும்தான். பத்துக் கிலோமீற்றரைத் தாண்டினால் இடது முழங்கால் சிரட்டைக்குக் கீழே குத்தும். பாரப் பயிற்சி தொடங்கி எட்டு மாதமாகிறது. அந்தக் குத்து இப்போது இல்லை. பொழுதுபோக்காக ஓடுகிற எல்லோரும் வாரத்தில் இரண்டு நாளாவது பாரம் தூக்கத்தான் வேண்டும்.

ஐந்தாம் மாடி:
தம்பி, "எல்லோரும்" என்று எழுதாதீர்கள். எனக்கு வயது 64. முப்பது வருடமாகக் காலிமுகத்திடலில் விடிய ஐந்தரைக்கு ஓடுகிறேன். தண்டால், தோப்புக்கரணம், வீட்டுக்கு ஏற ஐந்து மாடிப் படி. இதற்குமேல் என்ன வேண்டும்? எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஒரு ஜிம்மில் சேர்ந்த மூன்றாம் நாளே 100 கிலோவை நிலத்திலிருந்து தூக்கவைத்தார்கள். முதுகு வளைந்துவிட்டது. மூன்று வாரம் படுக்கை. சப்பாத்துக் கயிறு கட்டக்கூடத் தாய் குனிய வேண்டியிருந்தது. அதைப் பார்த்தவன் நான்.

வெள்ளவத்தை ஓட்டக்காரன்:
அந்தப் பிள்ளைக்கு நடந்தது அநியாயம். ஆனால் பிழை அந்த அவசரத்தில் இருக்கிறது, ஐயா. நான் முதல் இரண்டு வாரம் தும்புத்தடியைத் தோளில் வைத்துத்தான் பழகினேன். பிறகு வெறும் கம்பி, 20 கிலோ. அதன்பின் ஒவ்வொரு தடவையும் இரண்டரைக் கிலோவுக்கு மேல் கூட்டியதில்லை.

தோப்புக்கரணம் நல்லதுதான். ஆனால் நிறுத்தாமல் ஐம்பது போடக்கூடியவருக்கு அதனால் பலம் பெரிதாகக் கூடாது. தாக்குப்பிடிக்கும் திறன்தான் கூடும். அது ஓட்டத்திலேயே கிடைக்கிறதே! 2008இல் நோர்வே ஆய்வாளர்கள் நன்கு பயிற்சி பெற்ற 17 ஓட்டக்காரர்களை ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியினர் வழக்கமான ஓட்டத்தோடு எட்டு வாரம், வாரம் மூன்று நாள், கனத்த பாரத்துடன் பாதியளவு குந்தி எழும்பினார்கள். நாலு நாலாக நாலு தடவை. அதே வேகத்தில் ஓட அவர்களுக்குத் தேவைப்பட்ட ஒட்சிசன் ஏறக்குறைய 5 வீதம் குறைந்தது. உடல் எடை கூடவில்லை.

ஐந்தாம் மாடி:
அவர்கள் பயிற்சி பெற்றவர்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். காலி வீதியில் பஸ்ஸில் தொங்கி வேலைக்குப் போய், ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவனுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? அதோடு, பாரம் பழக்குகிறவரே புரத மாவு டின்னையும் விற்கிறார். முதலில் பாரம், பிறகு டின், பிறகு கடன்.

கொட்டாஞ்சேனை பட்மின்டன்:
டின் விஷயத்தில் நான் ஐயாவின் பக்கம். பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1.2 கிராமிலிருந்து 2 கிராம் வரை புரதம் என்பதுதான் பொதுவான பரிந்துரை. என் 55 கிலோவுக்கு 66 கிராமில் தொடங்கலாம். இரண்டு முட்டையில் 12 கிராம். மிச்சம் சூரை மீன், பருப்பு, அவித்த கடலை, சோயாவில் வந்துவிடும்.

பாரத்தில் நான் அண்ணாவின் பக்கம். பெண்பிள்ளை பாரம் தூக்கினால் உடம்பு முறுகிவிடும் என்று வீட்டில் தடுத்தார்கள். இரண்டு வருடமாகத் தூக்குகிறேன். உள்ளங்கையில் நாலு காய்ப்பும், கடற்காற்றில் துருப்பிடித்த கம்பியின் வாசமும்தான் மிச்சம். ஆனால் வலைக்கு அருகே பாய்ந்து ஷட்டிலை எடுத்தபின் இப்போது கையூன்றாமல் எழும்புகிறேன். நேரமில்லை என்கிறீர்கள், உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலும் வளர்ந்தவர்களுக்கு வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி என்றுதான் கேட்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் அதேதான், ஐயா.

ஐந்தாம் மாடி:
மகள், நான் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். மூச்சைப் பிடித்துத் தூக்கினால் அழுத்தம் ஏறும். அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை ஓட்டக்காரன்:
உண்மை, ஐயா, ஏறும். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். உங்கள் வைத்தியரிடம் கேட்காமல் தொடங்கவேண்டாம். அவர் சம்மதித்தால், பத்துப் பன்னிரண்டு தடவை சுகமாகத் தூக்கக்கூடிய பாரம் போதும். எழும்பும்போது மூச்சை வெளியே விடுங்கள், ஒருபோதும் அடக்காதீர்கள்.

ஐந்தாம் மாடி:
வியாழக்கிழமை கிளினிக் இருக்கிறது, கேட்கிறேன். "எல்லோரும்" என்பதை மட்டும் திருத்திவிடுங்கள், தம்பி.