பேஜ் லாக்கும் ஜர்னலும் ஒன்றுக்கொன்று காத்து நிற்கின்றன: எதை முதலில் எடுப்பது?

செம்பனை_எடைமேடை (சுங்கை சிப்புட்)
செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடைக் கணினியில் லினக்ஸ் 5.15, ராம் 2 ஜிபி. லோரி டிக்கெட் பதிவுகளுக்காக இங்கேயே எழுதிய ஃபைல்சிஸ்டம் மாட்யூல் ஓடுகிறது, அதற்குச் சொந்த ஜர்னல் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேடு) உண்டு. குலை லோரிகள் கேட் வரை வரிசைகட்டும் சாயங்கால நேரத்தில் பேக்கப்பும் சேர்ந்து ஓடினால் எல்லாம் உறைந்துவிடும். புரோகிராமைக் கட்டாயமாக நிறுத்தினாலும் நிற்காது, டி நிலையிலேயே (இடையில் கலைக்க முடியாத காத்திருப்பு) கிடக்கும். 120 விநாடி கழித்துக் கர்னல் எச்சரிக்கை வருகிறது. ஸ்டாக்கில் தெரிவது இவ்வளவுதான்:

டிக்கெட் புரோகிராம்: எங்கள் ரைட்-பிகினுக்குள் (எழுதுவதற்குப் பேஜைத் தயார் செய்யும் ஃபங்ஷன்), பேஜ் லாக்குக்குக் (ஃபைலின் ஒரு துண்டை நினைவகத்தில் வைத்திருக்கும் பேஜின் பூட்டு) காத்திருக்கிறது.
ரைட்பேக் திரெட் (மாறிய பேஜ்களை டிஸ்க்கில் எழுதுவது): எங்கள் ரைட்-பேஜஸுக்குள், ஜர்னல் ஹேண்டிலுக்குக் (ஜர்னலில் எழுத வாங்கும் அனுமதி) காத்திருக்கிறது.

லாக்டெப் (லாக் வரிசைத் தவறைக் கண்டுபிடிக்கும் கர்னல் கருவி) ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியானால் லாக் வரிசை சரிதானா?

ஈப்போ_கர்னல்
சரியில்லை அண்ணே. பேஜ் லாக் என்பது பேஜின் கொடியில் ஒரே ஒரு பிட். ஒருவர் பூட்டியதை டிஸ்க் வேலை முடிந்ததும் இன்னொருவர் திறக்கலாம். அதனால் லாக்டெப் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அது பேசாமல் இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

உங்கள் முடிச்சில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஜர்னல் நிறைந்ததும் கமிட் (சேர்ந்த மாற்றங்களை டிஸ்க்கில் உறுதிசெய்வது) தொடங்குகிறது. திறந்திருக்கும் ஹேண்டில்கள் முடியும்வரை அது புதிய ஹேண்டில் தராது. திறந்த ஹேண்டில் டிக்கெட் புரோகிராமிடம், அதற்கு வேண்டிய பேஜ் ரைட்பேக்கிடம், ரைட்பேக்குக்கு வேண்டியது புதிய ஹேண்டில். லோரி குறைவான நேரத்தில் ஜர்னல் நிறைவதில்லை, அதனால்தான் பகலில் தெரியவில்லை.

எல்லா வழியிலும் ஹேண்டில் முதலில், பேஜ் லாக் பிறகு என்று வையுங்கள். ரைட்-பேஜஸில் ஒரு தொகுதிக்கு வேண்டிய ஜர்னல் இடத்தைக் கணித்து ஹேண்டில் வாங்கியபின் பேஜ்களைப் பூட்டுங்கள். ரைட்-பிகினில் லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் செய்வது நல்ல முறை: பேஜை முதலில் தேடி எடுத்து (இல்லையென்றால் ஒதுக்கி) லாக்கை விட்டுவிடும், ஹேண்டில் திறக்கும், மறுபடி பூட்டும். நடுவில் ட்ரங்கேட் (ஃபைலை வெட்டிக் குறைப்பது) அந்தப் பேஜைக் கழற்றியிருக்கலாம். ஆகவே பூட்டியதும் பேஜின் மேப்பிங் இன்னும் அதே ஃபைல்தானா என்று பார்த்து, மாறியிருந்தால் திரும்பத் தேட வேண்டும். பலர் விட்டுவிடும் வரி இது.

5.15-இல் இன்னொரு பொறி உண்டு. நினைவகம் குறையும்போது கர்னல் ஏற்கெனவே பூட்டிய பேஜுடன் உங்கள் ரைட்-பேஜை அழைக்கும். அங்கே வரிசையை மாற்ற வழியில்லை. ஹேண்டில் தேவைப்பட்டால் பேஜை மறுபடி டர்ட்டி (இன்னும் டிஸ்க்கில் எழுதப்படாதது) என்று குறித்து, லாக்கை விட்டுத் திரும்பிவிடுங்கள்.

பேஜ்4096
ரைட்-பிகினுக்கும் ரைட்-எண்டுக்கும் நடுவே தரவை எப்படி நகல் செய்கிறீர்கள்? ஜெனரிக் ரைட் பாதையைப் பயன்படுத்தினால் கவலையில்லை. சொந்த லூப் என்றால் இதைச் சோதியுங்கள்: ஃபைலின் முதல் 4096 பைட்டை எம்மேப் செய்து (நினைவக முகவரியாக இணைத்து), தொடாமல், அந்த முகவரியையே பஃபராகக் கொடுத்து அதே ஃபைலின் 0-ஆம் இடத்தில் எழுதுங்கள். பூட்டிய பேஜுக்கே ஃபால்ட் (நினைவகத்தில் இணைக்கப்படாத பேஜைத் தொட்டதும் கர்னல் குறுக்கிடுவது) வந்தால் புரோகிராம் தன்னையே பூட்டிக்கொள்ளும்.

பஃபரை முன்கூட்டியே உள்ளே இழுத்து வைப்பது மட்டும் போதாது. லாக் எடுப்பதற்குள் ரீக்ளெய்ம் (நினைவகம் குறையும்போது கர்னல் பேஜ்களை விடுவிப்பது) அதை வெளியே தள்ளிவிடலாம். பேஜ் ஃபால்ட்டை அணைத்து நகல் செய்து, குறைவாக வந்தால் லாக்கையும் ஹேண்டிலையும் விட்டு, பஃபரை இழுத்து, திரும்ப முயலுங்கள். பேஜ் முழுதாகப் படிக்கப்படாத நிலையில் நகல் பாதியில் நின்றால், எழுதியது 0 பைட் என்றே கொள்ள வேண்டும். இல்லையென்றால் டிக்கெட்டில் குப்பை எடை ஏறும்.

செம்பனை_எடைமேடை
சொந்த லூப்தான், ஃபால்ட்டை அணைக்கவில்லை. ஹேண்டில் திறந்தபின் சாதாரண முறையில் நினைவகமும் ஒதுக்குகிறோம்.

ஈப்போ_கர்னல்
அதுவும் ஆபத்து. அந்த ஒதுக்கீடு ரீக்ளெய்முக்குள் போய் உங்கள் ஃபைல்சிஸ்டத்துக்கே திரும்பி வரும். ஹேண்டில் திறக்கும்போது நோ-எஃப்எஸ் நிலையைப் (ரீக்ளெய்ம் ஃபைல்சிஸ்டத்துக்குள் வராதபடி தடுப்பது) போட்டு, மூடும்போது பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள், 4.12 முதல் அதற்குத் தனி ஃபங்ஷன் இருக்கிறது.

திருத்தியதை நேரே ஆலையில் ஏற்றாதீர்கள். விஎம்மில் (மெய்நிகர் கணினி) ஜர்னலை வேண்டுமென்றே சிறிதாக்கி, சிகுரூப்பில் (புரோகிராம்களுக்கு வரம்பு வைக்கும் கர்னல் வசதி) நினைவகத்தை 64 எம்பிக்கு அடக்கி, ஃபைல்சிஸ்டத்தைத் திணறடித்துச் சோதிக்கும் எஃப்எஸ்ஸ்ட்ரெஸை இரவு முழுக்க ஓட்டுங்கள். உறைந்தால் சிஸ்ஆர்கியூவில் (கர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் வசதி) டபிள்யூ கொடுங்கள், டி நிலையில் உள்ள அத்தனை ஸ்டாக்கும் லாகில் விழும். அதை அப்படியே இங்கே போடுங்கள்.