பாங்காக்கில் அப்பா அட்மிட், இன்சூரன்ஸ் கடிதம் வரவில்லை

சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். குரூப் டூர் போன அப்பா (67 வயது, சர்க்கரை உண்டு) ஞாயிறு இரவு பாங்காக் ஹோட்டல் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். 1669-க்கு அழைத்ததும் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, அதில் குறையில்லை. முன்பணம் கட்டினால்தான் ஆபரேஷன் என்கிறது தனியார் மருத்துவமனை. உடன் இருப்பது அம்மா மட்டும். கையில் 4,000 பாட், போன் சார்ஜர்கூட ஹோட்டலில்.

பயண இன்சூரன்ஸ் இருக்கிறது. க்ளெய்ம் நம்பர் வாங்கி பாஸ்போர்ட், எக்ஸ்ரே எல்லாம் அனுப்பி இரண்டு நாள் ஆயிற்று. பழைய சர்க்கரை ரிப்போர்ட் வேண்டுமாம். வழுக்கி விழுந்ததற்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தமோ! சரி என்று அப்பாவின் மஞ்சப்பையைக் கொட்டித் தேடி அதையும் அனுப்பினேன். பணத்துக்குப் பொறுப்பேற்கும் கடிதம் மட்டும் வரவில்லை. டூர்காரர் போனே எடுப்பதில்லை.

நகையை வைத்து நாங்களே கட்டிவிடலாம் என்றிருக்கிறோம். இப்படிக் கையிலிருந்து கட்டிவிட்டு, அப்புறம் ஊருக்கு வந்து க்ளெய்ம் வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: அந்த மருத்துவமனையில் என்னென்ன காகிதம் கேட்டு வாங்க வேண்டும்?