‘பையன் துரத்திய நாய்’ ஆங்கிலத்தில் மட்டும் ஏன் குழப்புகிறது?

பாளை ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் தமிழ்வழியில் பயிலும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். ‘த டாக் தட் சேஸ்ட் த பாய் ரேன் அவே’ (பையனைத் துரத்திய நாய் ஓடிவிட்டது) என்பதை அவர்கள் எளிதில் புரிந்துகொள்கிறார்கள். ‘த டாக் தட் த பாய் சேஸ்ட் ரேன் அவே’ என்று கரும்பலகையில் எழுதினால், துரத்தியது நாய்தான் என்று பலர் சொல்கிறார்கள். இத்தனைக்கும் ‘பையன் துரத்திய நாய் ஓடிவிட்டது’ என்று தமிழில் சொன்னால் ஒருவருக்கும் ஐயம் எழுவதில்லை. தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருவதும், ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் ‘தட்’ தொடர் பெயருக்குப் பின்னால் வருவதும்தான் இதற்குக் காரணமா? மொழியியல் பயின்றவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

தென்காசிச் சாரல்:
வணக்கம் அக்கா. மாணவர்களைக் குறைசொல்ல இதில் எதுவுமில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அந்த இரண்டாவது வாக்கியத்தில் சற்றுத் தயங்குகிறார்கள். பொத்தானை அழுத்த அழுத்தத் திரையில் ஒவ்வொரு சொல்லாகத் தோன்றச் செய்து நேரத்தை அளக்கும் சோதனைகளிலும், கண்ணசைவைப் பதிவுசெய்யும் சோதனைகளிலும் இது திரும்பத் திரும்பத் தெரிய வந்திருக்கிறது. மொழியை மனம் புரிந்துகொள்ளும் விதத்தை ஆராயும் எட்வர்ட் கிப்சன் 1998இல் முன்வைத்த விளக்கத்தின்படி, ‘த டாக்’ என்ற பெயரை நினைவில் வைத்துக்கொண்டே, நடுவில் வரும் ‘த பாய்’ என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு, வினை வந்த பிறகுதான் யார் யாரைத் துரத்தினார் என்று வாசகர் பொருத்த வேண்டியிருக்கிறது. முதல் வாக்கியத்தில் வினை உடனே வந்துவிடுவதால் அந்தக் காத்திருப்பு இல்லை.

எல்லா மொழிகளிலும் இப்படித்தானா என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. சீனத்திலும் தமிழைப் போல இத்தொடர் பெயருக்கு முன்னால்தான் வரும். அங்கே ‘பையன் துரத்திய நாய்’ வகையே எளிது என்று சியாவும் கிப்சனும் 2003இல் எழுதினார்கள், பின்னர் வந்த சிலர் நேர்மாறான முடிவைக் கண்டார்கள். ஜப்பானியத்திலும் கொரியத்திலும் ‘பையனைத் துரத்திய நாய்’ வகை எளிதாக இருக்கிறது. ஸ்பெயின், பிரான்ஸ் எல்லைப் பகுதியில் பேசப்படும் பாஸ்க் மொழியிலோ மற்றதுதான் விரைவாக வாசிக்கப்படுகிறது என்று 2010இல் கரேராஸ் குழுவினர் காட்டினார்கள். அம்மொழியில் ‘துரத்து’ போன்ற வினைகளுக்கு எழுவாய்தான் உருபு ஏற்கும். செயப்படுபொருள் உருபின்றி நிற்கும். ஆகவே தொடர் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதோடு நின்றுவிடாமல், உருபு எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இடையன்குடி வாசகர்:
தென்காசித் தம்பி உருபைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. எங்கள் ஊரில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே, ‘ஹூ, விச்’ போன்ற சொற்கள் செய்யும் வேலையைத் திராவிட மொழிகளில் பெயரெச்சம் செய்கிறது என்று விளக்கியிருக்கிறார். ஆனால் அந்தப் பெயரெச்சம், தன்னை முடிக்கும் பெயர் செய்தவனா செய்யப்பட்டதா என்று காட்டுவதே இல்லை. உண்ட சாத்தன், உண்ட கலம், உண்ட இல்லம், உண்ட ஊண், உண்ட நாள், உண்ட சோறு என்று நன்னூல் கூறும் ஆறு பொருளுக்கும் ‘உண்ட’ என்னும் ஒரே வடிவம்தான். மீதியை வாசிப்பவர் தம் உலக அறிவால் நிரப்பிக்கொள்கிறார்.

உலக அறிவும் கைகொடுக்காத இடத்துக்குத் தொல்காப்பிய உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ‘புலி கொல் யானை’. கொன்றது எது? யானை ஓடுகிறது என்று தொடர்ந்தால் கொன்றது யானை. யானையின் கோடு (தந்தம்) வந்தது என்று தொடர்ந்தால் கொன்றது புலி. பின்னால் வரும் சொல்லைக் கொண்டு முன்னால் உள்ளதைத் தெளிகிறோம் என்பதை எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார்கள்!

ஆகவே தமிழில் ஐயமே எழுவதில்லை என்று ஆசிரியை சொல்வதை நான் முழுவதுமாக ஏற்கமாட்டேன். ‘சுடலை திருடனைப் பிடித்த காவலரை வாழ்த்தினான்’ என்ற வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாக வாசித்துப் பாருங்கள். ‘சுடலை திருடனைப்’ என்றதும் திருடனை ஏதோ செய்தவன் சுடலை என்று கொள்கிறோம். ‘பிடித்தான்’ என்று முடியாமல் ‘பிடித்த’ என்று நிற்கும்போது சிறு ஐயம் தோன்றுகிறது. ‘காவலரை’ வந்தவுடன் பிடித்தவர் காவலர் என்று மாற்றிக்கொண்டு, சுடலையை இறுதி வினைக்காகத் தனியே நிறுத்தி வைக்கிறோம். ஆங்கிலத்தில் ‘தட்’ முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறது. நமக்கு அந்த எச்சரிக்கை தாமதமாகவே கிடைக்கிறது. ‘திருடனைப் பிடித்த காவலரைச் சுடலை வாழ்த்தினான்’ என்று எழுதிவிட்டால் இந்த இடர்ப்பாடே இல்லை.

பாளை ஆசிரியை:
அண்ணாச்சி, தம்பி, இருவருக்கும் மிக்க நன்றி. தமிழில் ‘பையனை’ என்பதில் உள்ள ‘ஐ’ தரும் துணையை, என் மாணவர்கள் ஆங்கில வாக்கியத்திலும் தேடித் தவிக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. வகுப்பில் எங்கிருந்து தொடங்கலாம்?

தென்காசிச் சாரல்:
ஒன்று உயிருள்ளதாகவும் மற்றது உயிரற்றதாகவும் இருக்கும் வாக்கியங்களிலிருந்து தொடங்குங்கள் அக்கா. ‘த புக் தட் த பாய் ரெட்’ என்பதில் புத்தகம் படிக்காது என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. டச்சு மொழியில் மாக் குழுவினர் 2002இல் செய்த ஆய்வில், இப்படிப்பட்ட வாக்கியங்களில் இரு வகைக்கும் இடையிலான வேறுபாடு மறைந்துவிட்டது. அடுத்து ‘த டாக் தட் ஐ சேஸ்ட்’ என்று ‘ஐ’ (நான்), ‘வி’ (நாம்) என்னும் ஆங்கிலச் சொற்கள் வரும் வாக்கியங்களைக் கொடுங்கள். நடுவில் புதிய பெயர் வராததால் சுமை குறையும். நாயும் பையனும் சேர்ந்து வரும் வாக்கியத்தைக் கடைசியில் கொடுத்து, அதன் கீழே ‘எந்த நாயைப் பையன் துரத்தினானோ அந்த நாய்’ என்று தமிழிலும் எழுதச் சொல்லுங்கள். அவ்வாறு எழுதும்போது ‘நாயை’ என்று உருபு வைத்தே ஆக வேண்டியிருப்பதால், யார் புரிந்துகொண்டார், யார் ஊகித்தார் என்பது உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.