இடாஸ்கா ஏரியில் கேம்பிங்: ஊரிலிருந்து வரும் அப்பா, அம்மாவோடு போகலாமா?

ஈகன்வாசி (மார்ச் 14)

எல்லோருக்கும் வணக்கம். மினசோட்டாவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. இதுவரை ஒருநாள்கூட டென்ட்டில் தூங்கியதில்லை. மே மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மிசிசிப்பி பிறக்கும் இடம் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது என்று போனில் ஒரு தடவை வாய்விட்டுவிட்டேன். அன்றிலிருந்து வாராவாரம் அதைப் பற்றித்தான் கேட்கிறார்.

ஜூலை 17 வெள்ளி முதல் ஞாயிறு வரை, அந்த இடம் இருக்கும் இடாஸ்கா ஸ்டேட் பார்க் போகலாம் என்று நினைக்கிறேன். நாங்கள் இருவர், ஆறு வயதுப் பையன், அப்பா (71), அம்மா (66, முழங்கால் வலி). எல்லோரும் டென்ட்டில் தங்க முடியுமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். கரடி உண்டா? போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்.

டுலூத் குளிர்

முதல் தடவையே நான்கு மணி நேரம் ஓட்டிப் போக வேண்டுமா நண்பரே? மில் லாக்ஸ் ஏரிக்கரையில் ஃபாதர் ஹெனப்பின் ஸ்டேட் பார்க் இருக்கிறது. பாதித் தொலைவுதான். எதையாவது மறந்திருந்தால்கூடத் திரும்பி வந்துவிடலாம். இடாஸ்காவில் ஜூலை மாதம் கூட்டம் வேறு. ஆறு தொடங்கும் இடத்துக் கல்வரிசையில் போட்டோ எடுக்க வரிசையில் நிற்பார்கள்.

கரிச்சட்டி

தம்பி, மில் லாக்ஸ் நல்ல ஏரிதான், தப்புச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் அப்பா கேட்டது ஏரியை இல்லை, ஆற்றின் பிறப்பிடத்தை. இடாஸ்காவுக்கே போங்கள். பதினேழு வருடத்தில் ஒன்பது தடவை போயிருக்கிறேன், அதில் இரண்டு தடவை என் மாமியாரோடு. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அவசரமானது. மினசோட்டா ஸ்டேட் பார்க்குகளில் கேம்ப்சைட் முன்பதிவு 120 நாளுக்கு முன்பு திறக்கும். ஜூலை 17-க்கு எண்ணிப் பார்த்தால் மார்ச் 19. இன்னும் ஐந்தே நாள்! காலையிலேயே உட்கார்ந்து போட்டுவிடுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்றால் ஜூலை வார இறுதியில் இடம் கிடைக்காது. வண்டிக்குத் தனியாக அனுமதிச் சீட்டு வேண்டும். நான் கடைசியாக வாங்கியபோது ஒரு நாளைக்கு 7 டாலர், வருடத்துக்கு 35. பெற்றோர் வந்திருக்கும் வருடம் எப்படியும் ஐந்தாறு பார்க் சுற்றுவீர்கள், வருடச் சீட்டே லாபம்.

எங்கே தங்குவது? பேர் பா, பைன் ரிட்ஜ் என்று இரண்டு கேம்ப்கிரவுண்ட். பேர் பா ஏரியை ஒட்டியது. அம்மாவை டென்ட்டில் படுக்கவைக்க வேண்டாம். தரையிலிருந்து எழுந்திருப்பதுதான் முழங்கால் வலிக்காரர்களுக்குப் பெரிய தண்டனை, அதுவும் ராத்திரி இரண்டு மணிக்குக் கழிப்பறை போக. கேம்பர் கேபின் கிடைக்கிறதா பாருங்கள். கட்டில், மெத்தை, விளக்கு இருக்கும், தண்ணீரும் கழிப்பறையும் வெளியேதான். போர்வை, தலையணை நாம் கொண்டுபோக வேண்டும். அது கிடைக்காவிட்டால் டக்ளஸ் லாட்ஜில் ஓர் அறை. 1905-இல் கட்டிய மரக்கட்டடம் அது. பெரியவர்கள் அங்கே, நீங்கள் மூன்று பேரும் டென்ட்டில். பையன் தாத்தாவோடு படுப்பேன் என்று அழுதால் அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

எங்கள் முதல் பயணத்தைச் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வெள்ளி சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பி, வழியில் பாதையும் தவறி, பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். இருட்டில் பையைத் திறந்தால் டென்ட் இருக்கிறது, அதைத் தரையில் அடிக்கும் முளைகள் கராஜிலேயே தங்கிவிட்டன. பத்து மணிக்கு மேல் அங்கே சத்தம் போடக்கூடாது. "நான்தான் எடுத்து வைக்கச் சொன்னேனே" என்ற சண்டையை நானும் வீட்டுக்காரரும் கிசுகிசுவென்று போட்டோம். கிடைத்த சமமான இடம் என்று ஒரு பள்ளத்தில் டென்ட்டை நிறுத்தி, நான்கு மூலையிலும் தண்ணீர் கேனும் அரிசிப் பையும் வைத்தோம். இரண்டு மணிக்கு மழை. மெத்தைக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறது. மீதி ராத்திரி நான்கு பேரும் காருக்குள், மடியில் புளிக்குழம்பு டப்பாவோடு.

அதிலிருந்து வந்த விதிகள்: மதியத்துக்கு முன்பே கிளம்பி வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள். டென்ட்டை ஒரு தடவை வீட்டுப் புல்வெளியில் போட்டுப் பாருங்கள், முளைகளை எண்ணுங்கள். மேடான இடமாகப் பாருங்கள். பாதை சுலபம்தான்: 94-ஆம் நெடுஞ்சாலையில் சாக் சென்டர் வரை, அங்கிருந்து 71-ஐப் பிடித்து நேர் வடக்கே. வடீனா, பார்க் ரேப்பிட்ஸ் தாண்டினால் பார்க்கின் தெற்கு வாசல். காய்கறி, பால், ஐஸ் எல்லாவற்றுக்கும் பார்க் ரேப்பிட்ஸ்தான் கடைசி நல்ல நிறுத்தம்.

விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகக் கூடாது. ஆஷ் மரத்தைக் கொல்லும் பச்சை வண்டு விறகோடு ஊர்விட்டு ஊர் போகிறது என்பதால் சட்டமே போட்டிருக்கிறார்கள். அங்கேயே கட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கரடி உண்டு, கருங்கரடி. மனிதர்களைத் தேடி வராது, சாப்பாட்டைத் தேடி வரும். உணவு, பற்பசை, சோப்பு, ஊறுகாய் பாட்டில் எல்லாம் ராத்திரி காருக்குள் பூட்டி இருக்க வேண்டும். டென்ட்டுக்குள் ஒரு பிஸ்கட்கூட வேண்டாம், பையனின் சட்டைப் பையையும் தடவிப் பாருங்கள்.

சாப்பாடு: இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, ஒரு சின்ன குக்கர். வெள்ளி ராத்திரிக்குக் கட்டிக்கொண்டு போன புளிசாதமும் உருளை வறுவலும். சனி காலை இட்லி வேண்டாம், ரவா உப்புமாவுக்கு ரவையை வறுத்து, தாளித்து, டப்பாவில் எடுத்துப் போங்கள், வெந்நீர் போதும். நெருப்பில் மக்காச்சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு. லாட்ஜ் சாப்பாட்டுக்கூடத்தில் வைல்ட் ரைஸ் (இந்த ஊர் ஏரிகளில் விளையும் நீண்ட, கறுத்த அரிசி) சூப் என்று ஆசையாகச் சொல்வார்கள். இந்த ஊரில் அந்த சூப்பில் பெரும்பாலும் கோழி இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். ஆறு ஏரியிலிருந்து வெளியே வரும் இடத்துக்கு வடக்குப் பக்கம் மேரி கிப்ஸ் பார்வையாளர் மையத்திலிருந்து சில நிமிட நடை. சனி மதியம் போகாதீர்கள். டுலூத் குளிர் சொன்னது அந்த நேரத்துக்கு நூற்றுக்கு நூறு சரி, திருவிழாக் கூட்டம். காலை ஆறு மணிக்குப் போங்கள். ஏரிமேல் ஆவி பறக்கும், லூன் பறவை எங்கேயோ அழும் (பையனிடம் முதலிலேயே சொல்லிவைத்துவிடுங்கள், என் மகள் ஓநாய் என்று நினைத்துப் போர்வைக்குள் போய்விட்டாள்). அந்த நேரத்தில் உங்களைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

அங்கே ஒரு மரத்தூண் நிற்கும். கடல்மட்டத்துக்கு 1475 அடி மேலே, இங்கிருந்து மெக்சிகோ வளைகுடாவுக்கு 2552 மைல் என்று செதுக்கியிருக்கும். அதை எல்லோரும் படம் பிடிப்பார்கள். யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன்: நீங்கள் தாண்டப் போகும் அந்தக் கல்வரிசை இயற்கையாக அமைந்தது இல்லை. 1930-களில் வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசு வேலை கொடுத்த சிசிசி படையினர் சதுப்பைத் திருத்தி, வாய்க்காலைச் சீராக்கி, கற்களை அடுக்கினார்கள். அதற்கு முன்பு சேறும் கோரையுமான ஒரு மூலை. எனக்கு இது தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பெயர்க் கதை உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கும். 1832-இல் இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்களின் தலைவர் ஓசாவிண்டிப், ஸ்கூல்கிராஃப்ட் என்ற அமெரிக்கரை இங்கே கூட்டி வந்தார். அவர்களுக்கு இது எல்க் மான் ஏரி. வழிகாட்டி கூட்டிவந்து காட்டிய இடத்தை வந்தவர் "கண்டுபிடித்து", லத்தீனில் உண்மை, தலை என்று பொருள்படும் வெரிடாஸ், கபுட் என்ற இரண்டு சொல்லை ஒட்டவைத்து, முன்னும் பின்னும் வெட்டி, நடுவில் மிஞ்சியதைப் பெயராக வைத்தார்: இடாஸ்-கா. வேரித்தாஸ் வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை என்றால் அப்பா சட்டென்று பிடித்துக்கொள்வார்.

மேரி கிப்ஸ் கதையையும் சொல்லுங்கள். பார்க் 1891-இல் வந்தது, மாநிலத்திலேயே முதலாவது. ஆனால் மரம் வெட்டுகிறவர்கள் விடவில்லை. கட்டைகளை மிதக்கவிட அணை கட்டித் தண்ணீரைத் தேக்க, கரையோர மரங்கள் மூழ்கின. 1903-இல் பார்க் பொறுப்பில் இருந்த மேரியின் அப்பா இறந்துபோக, 24 வயது மகள் அந்தப் பொறுப்புக்கு வந்தாள். அணையைத் திறக்கச் சொல்லி நேரே போய் நின்றாள், துப்பாக்கியைக் காட்டி மிரட்டியும் பின்வாங்கவில்லை. இன்று நீங்கள் அண்ணாந்து பார்க்கும் பைன் மரங்களில் அவள் பங்கு உண்டு.

கற்கள் பாசி பிடித்து வழுக்கும். பின்பட்டி உள்ள பழைய செருப்பு போட்டுக்கொண்டு, கல்மேல் ஏறாமல் பக்கத்தில் தண்ணீருக்குள் நடக்கச் சொல்லுங்கள். முழங்காலளவு தண்ணீர்தான். அம்மாவுக்குச் சற்றுத் தள்ளி மரப்பாலம் இருக்கிறது.

மலையேறி_மறதிக்காரன்

கரிச்சட்டி அக்கா விட்டதை நான் சொல்கிறேன்: உண்ணி. கரடியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், கடுகளவு மான் உண்ணியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். லைம் நோய் அதால்தான் வருகிறது. வெளிர் நிற முழுக்கால் பேன்ட், பேன்ட்டின் அடியைக் காலுறைக்குள் செருகுங்கள். காலணிக்கும் துணிக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்து, தோலுக்கு டீட் என்ற பூச்சிவிரட்டி. தினமும் ராத்திரி காதுக்குப் பின்னால், அக்குள், முழங்காலுக்குப் பின்புறம் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் எல்லாம் வேண்டாம், நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

ஏரியில் குளித்தால் உடனே துண்டால் அழுத்தித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அரிப்பு வரலாம். படகு எடுத்தால் பையனுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம், பத்து வயதுக்குக் கீழே எல்லோருக்கும் சட்டம்.

வைல்டர்னஸ் டிரைவ் பார்க்குக்குள் பத்து மைல் கார்ப் பாதை. அம்மாவை நடக்கவைக்காமலே காட்டைக் காட்டிவிடலாம். அந்தப் பக்கம்தான் 100 அடி உயரத் தீக்கண்காணிப்புக் கோபுரம். நான் பாதிக்கு மேல் ஏறவில்லை, காற்றில் ஆடுகிறது. உங்கள் பையன் ஏறிவிடுவான், கீழே நிற்கும் நீங்கள்தான் பாவம்.

ஈகன்வாசி

அக்கா, 19-ஆம் தேதி காலையிலேயே உட்கார்ந்து பேர் பாவில் ஓர் இடம் பிடித்துவிட்டேன். அப்பா, அம்மாவுக்கு லாட்ஜில் அறை. குளிர் எப்படி இருக்கும்?

கரிச்சட்டி

பகலில் 80 ஃபாரன்ஹீட், விடியற்காலையில் 50-களில் இறங்கும். ஜூலை என்று நம்பி ஏமாறாதீர்கள், அப்பாவுக்கு மங்கி கேப். இன்னொன்று, அங்கே ஒன்பதே காலுக்குத்தான் சூரியன் மறையும். இருட்டியபிறகு நெருப்பு மூட்டிக் கதை சொல்லலாம் என்று இருந்தால் பையன் அதற்குள் தூங்கிவிடுவான்.

ஈகன்வாசி (ஜூலை 21)

போய்வந்தோம்! முளைகள் எல்லாம் இருந்தன. ஐஸ் பெட்டியின் மூடியைத்தான் வீட்டில் விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை ஆறேகாலுக்குப் போனோம். நாங்களும் ஒரு வயதான தம்பதியும் மட்டும். மினியாப்பொலிஸில் ஸ்டோன் ஆர்ச் பாலத்திலிருந்து இதே ஆற்றைப் பார்த்து வாயடைத்து நின்றவர் அப்பா. இங்கே கல்வரிசையைப் பார்த்துவிட்டு, "இதைத் தாண்டவா நாலு மணி நேரம் வண்டி ஓட்டினாய்?" என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை தாண்டினார்.

நீங்கள் சொன்ன சிசிசி விஷயத்தைச் சொன்னேன். "தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு கட்டி வைத்திருக்கிறோம். நாலு கல்லை அடுக்கியதற்கா இவர்களுக்கு வருத்தம்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: பிறந்ததிலிருந்து அந்த ஆற்றில்தான் குளித்திருக்கிறார், அது பிறக்கும் பூங்குளத்தை, பொதிகை மலை மேலே போய், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம். இனி ஏறவும் முடியாது என்றார். அதற்குள் பையன் தண்ணீரில் விழுந்துவிட்டதால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

உண்ணி இரண்டு, இரண்டும் என் மேல்தான். கரடி வரவில்லை. லூன் சத்தத்துக்கு லாட்ஜில் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாராம், ஆந்தை என்று நினைத்து.

அம்மா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். வரும் வழியில் வைல்ட் ரைஸ் ஒரு பை வாங்கினோம். குக்கரில் நம் அரிசி மாதிரி வைத்தார், கல்லு கல்லாக இருக்கிறது. எப்படி வேகவைப்பது?

கரிச்சட்டி

பையைப் பாருங்கள் தம்பி. பளபளவென்று கறுப்பாக இருந்தால் வயலில் பயிரிட்டு இயந்திரத்தில் அறுத்தது, முக்கால் மணி நேரமாவது வேக வேண்டும். பழுப்பும் பச்சையுமாக மங்கலாக இருந்தால் ஓஜிப்வே மக்கள் படகில் போய்க் குச்சியால் தட்டி உதிர்த்து, கையால் வறுத்தது. அரை மணிக்குள் வெந்துவிடும். எதுவானாலும் ராத்திரியே ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று தண்ணீர், திறந்த பாத்திரத்தில். அரிசி வெடித்து உள்ளே வெள்ளை தெரிந்தால் இறக்கி வடியுங்கள். பாதிக்குப் பாதி பச்சரிசி சாதத்தோடு கலந்து மிளகு, சீரகம், நெய் தாளித்தால் வெண்பொங்கல் ஆகாது, ஆனால் என் மாமியார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.