பீஸ் ரேட்டா, ஷிப்ட் சம்பளமா? உடம்பு என்ன சொல்கிறது?

ஓவர்லாக் டெய்லர், திருப்பூர்

பல வருடம் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கில், ஓவர்லாக் மிஷின் (துணி ஓரம் பிரியாமல் தைப்பது) ஓட்டினேன். இப்போது ஷிப்ட் கணக்கு, வேலை நேரத்துக்குச் சம்பளம். இரண்டையும் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

பீஸ் ரேட்டில் யாரும் நம்மை விரட்ட வேண்டியதே இல்லை. பாத்ரூம் போய் வந்தால் எத்தனை பீஸ் போச்சு என்று மனசே கணக்குப் போடும். அதனால் எங்கள் லைனில் பெண்கள் பலர் தண்ணீரே குடிக்க மாட்டோம். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கு அடியில் அப்படி இருந்தால் நீர்க்கடுப்பு வராமல் இருக்குமா? ஒருமுறை பக்கத்து மிஷின் அக்காவுக்கு விரலில் ஊசி ஏறிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு, தைக்க எடுத்திருந்த பீஸ் கட்டை முடித்த பிறகுதான் எழுந்தார். எழுந்தால் கட்டு வேறு ஆளுக்குப் போகும், காசும் அதோடு போகும்.

ஆனால் என்னை அதிகம் வாட்டியது வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த நேரம்தான். கட்டிங் (வெட்டிய துணி) வரவில்லை, நூல் வரவில்லை, கரண்ட் இல்லை என்று ஏதாவது ஒன்று. ஷிப்ட்காரர்களுக்கு அப்போதும் சம்பளம் உண்டு, எங்களுக்குக் கிடையாது. சனிக்கிழமை கைக்கு என்ன வரும் என்று வியாழக்கிழமையே தெரிந்துவிடும். அப்புறம் தூக்கம் ஏது? கை வேகம் கூடினாலும் நிம்மதி இல்லை, அடுத்த ஆர்டரில் ரேட்டைக் குறைத்துப் பேசுவார்கள்.

ஷிப்டுக்கு வந்த பிறகு சீசன் வாரங்களில் வருமானம் குறைந்தது உண்மைதான். ஆனால் மதியம் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், தண்ணீர் குடிக்கிறேன், நீர்க்கடுப்பு திரும்ப வரவில்லை.

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒருவர்

அக்கா, எங்க அம்மா பீடி சுற்றினார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சுளகை மடியில் வைத்து நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதால் கழுத்துவலி அவர்களை விட்டதே இல்லை. பீடிக் கடையில் தருகிற இலை போதாது, மீதியைக் கைக்காசில் வாங்க வேண்டும். கடையில் கழிவு என்று தள்ளிவிட்டால் அந்தப் பீடிக்குக் கூலி கிடையாது. பீடி கொண்டுபோகும் நேரம் நெருங்க நெருங்க அம்மாவுக்குப் படபடப்பு வந்துவிடும், என்ன கேட்டாலும் எரிந்து விழுவார்கள். அது கோபம் இல்லை, பயம் என்று வளர்ந்த பிறகுதான் புரிந்தது.

தொழிற்சங்கத்தில் இருப்பவன், கோவை

சகோதரி சொன்ன காத்திருப்பு முக்கியமான விஷயம். பீஸ் ரேட்டில் வேலை செய்தாலும், அந்த வேலைக்கு நேரக் கணக்கில் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கப்பட்டிருந்தால் அதற்குக் கீழே தரக்கூடாது என்று 1948-ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 17-ஆவது பிரிவே சொன்னது. நடைமுறையில் கேட்கத்தான் ஆள் இல்லை. பீஸ் ரேட்டில் இருப்பவர்கள் எத்தனை மணிக்கு வந்தோம், எவ்வளவு நேரம் பீஸ் இல்லாமல் உட்கார்ந்தோம் என்று தினமும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். கூலி கேட்டுப் பேசப் போகும்போது முதலில் கேட்கப்படுவது அந்தக் கணக்குத்தான்.