மறு: பேஸ் கிட்டாரில் ‘ஆக்‌ஷன்’ – தந்தியுயரம்?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். பேஸ் கிட்டாரில் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை ஆங்கிலத்தில் ‘ஆக்‌ஷன்’ என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் எழுதியது:

> ‘தந்தி இடைவெளி’ என்றாலே எல்லாருக்கும் விளங்குமே.

விளங்கும், ஆனால் வேறொன்றாக விளங்கும். பேஸில் ஒரு தந்திக்கும் அடுத்த தந்திக்கும் நடுவே, குதிரை (உடல்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் பாலம்) அருகில், பெரும்பாலும் 19 மி.மீ. வரை இருக்கும். இடைவெளி என்றதும் மனம் அங்கேதான் போகும். நாம் சொல்ல வருவது மெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியின்) உச்சிக்கும் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள தூரம். எனவே ‘தந்தியுயரம்’ என்பதே என் பரிந்துரை. ‘தந்தியுயரத்தை இறக்கு’, ‘அரை மில்லி ஏற்று’ என்று வினையோடும் ஒட்டிவருகிறது. குதிரையும் மெட்டும் வீணைக்காரர்கள் புழங்கும் சொற்களே. குதிரைமேல் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் துண்டைச் ‘சேணம்’ எனலாம். குதிரைக்குச் சேணம் தானாகவே பொருந்திவிட்டது!

சொல் நிற்குமா என்று பார்க்க ஒரு செய்முறைக் குறிப்பு:

நான்கு தந்திக்கும் சுருதி சேர்த்தபின், 17ஆம் மெட்டின்மேல் அளவுகோலை நிறுத்தித் தந்தியுயரம் பார்க்கவும். தடித்த ஈ தந்திக்கு 2.4 மி.மீ., மெல்லிய ஜி தந்திக்கு 2 மி.மீ. நல்ல தொடக்கம். சேணத்தின் இரு திருகையும் ஆலன் கீயால் (அறுகோணச் சாவியால்) சமமாகத் திருப்பவும். ஒன்று மட்டும் இறங்கினால் சேணம் சாய்ந்துவிடும். குன்னூர்ப் பக்கத்து ஈரத்தில் இந்தச் சின்னத் திருகுகள் துருப்பிடிக்கும். வலிந்து திருப்பினால் அறுகோணக் குழி வழவழத்துப்போய், அப்புறம் கீ பிடிக்காது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்து திருப்புங்கள்.

– உதகையிலிருந்து

---

வணக்கம் ஐயா. தந்தியுயரம் எனக்கும் சம்மதம். ஆனால் ‘கழுத்து வளைவு’ (தந்தியின் இழுப்பில் கழுத்து சற்றே வளைந்திருப்பது) தனிச்சொல்லாக நிற்காவிட்டால் இது பாதிதான் பயன்படும். உங்களுக்கு ஆடி மழை, கொடைக்கானலில் எங்களுக்கு ஐப்பசி மழை. இரண்டிலும் மரக்கழுத்து ஈரம் குடித்து அசையும். அப்படி வளைவு கூடித் தந்தி தூக்கியதும் பலர் சேணத்தைத்தான் இறக்குகிறார்கள். குளிர்காலத்தில் காற்று வறண்டு கழுத்து பழைய நிலைக்குத் திரும்பியதும், எல்லா மெட்டிலும் தந்தி மோதி ஜிர்ரென்கிறது.

வளைவை முதலில் பாருங்கள். முதல் மெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி), கடைசி மெட்டில் விரல், 8ஆம் மெட்டில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு). அங்கே தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே 0.3 மி.மீ. அளவில் இருந்தால் சரி. கூடினால், கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கால் சுற்று மட்டும் இறுக்கி, மீண்டும் சுருதி சேர்த்து அளக்க வேண்டும். முதல் ஐந்து மெட்டுக்குள் மட்டும் ஜிர்ரென்றால் வளைவு போதவில்லை. வெறுந்தந்தி மட்டும் ஜிர்ரென்றால், கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் ‘நட்’டின் வெட்டு அதிக ஆழம். அதற்குச் சேணத்தைத் தொட்டுப் பயனில்லை.

இன்னொன்று. ஒவ்வொரு மெட்டிலும் ஸ்வரம் சுருதி பிசகாமல் ஒலிப்பதான ‘இன்டோனேஷன்’ என்பதற்கு ‘மெட்டுச் சுருதி’ என்று வைக்கலாமா? தந்தியுயரம் மாறினால் இதுவும் மாறும். 12ஆம் மெட்டில் அழுத்திய ஸ்வரம் அங்கேயே தந்தியை அழுத்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறி ஒலித்தால், சேணத்தைப் பின்னுக்கு இழுத்துத் தந்தியின் நீளத்தைக் கூட்ட வேண்டும். இறங்கி ஒலித்தால் முன்னுக்குத் தள்ள வேண்டும்.